மஞ்சளனுக்கு வைத்தியம்

அந்த வீட்டில் ஆர்னி எதை வேண்டுமானாலும் தொடலாம். அப்பாவின் பனி தள்ளும் வண்டிச் சாவியை எடுத்து ஆட்டலாம். அம்மாவின் தபால்காரத் தொப்பியை மாட்டிக்கொண்டு சோபாவில் குதிக்கலாம். அக்கா ஹில்டியின் மீன்களை மட்டும் தொடக்கூடாது.

அவை உயிருள்ள மீன்கள் இல்லை. மரத்தில் செதுக்கிய பொய்மீன்கள். துடுப்பும் வாலும் தகரத்தில் இருக்கும். வயிற்றில் ஈயம் ஊற்றியிருக்கும், தண்ணீரில் போட்டால் மிதக்காமல் உள்ளே இறங்குவதற்காக.

குளிர்காலத்தில் கரடிவால் ஏரி முழுக்க உறைந்து கல்லாகிவிடும். ஊரார் அந்தப் பனிக்கட்டியில் பெரிய சதுர ஓட்டை வெட்டுவார்கள். அதன் மேல் ஜன்னலே இல்லாத இருட்டுக் குடிசையை இழுத்து வைப்பார்கள். உள்ளே உட்கார்ந்து, பொய்மீனை நூலில் கட்டித் தண்ணீரில் நீந்த விடுவார்கள். 'ஆகா, இரை வந்தது' என்று நம்பி வாத்துமூக்கன் வரும். வந்தால் ஈட்டி பாயும்.

வாத்துமூக்கன் என்றால் லேசுப்பட்ட மீன் இல்லை. வாத்துக்கு இருப்பது போல் தட்டை மூக்கு, வாய் நிறைய ஊசிப் பல், எந்த நேரமும் பசி.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பொய்மீன் சேர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. எல்லோரும் கீறல் விழாத, பளபளப்பான மீன்களாகத் தேடி அலைவார்கள். பத்து வயது ஹில்டியின் வழி வேறு. அவள் கடிபட்ட மீன்களை மட்டுமே சேர்த்தாள். பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு பொய்மீனைப் பார்த்தால், முதலில் விரலால் தடவிப் பார்ப்பாள். பல் தடம் தட்டுப்பட்டால்தான் வாங்குவாள்.

"கடி வாங்காத மீன், வேலைக்கே போகாத மீன்" என்பாள்.

அவளுடைய ஜன்னல் பலகையில் வரிசையாக நின்ற மீன்களுக்கெல்லாம் ராஜா மஞ்சளன். பழைய மஞ்சள் பூச்சு, கோணல் வால், இடுப்பில் இரண்டு பக்கமும் ஆழமான பல் தடம்.

"அது உன்னால விழுந்த கடிதான்" என்று அம்மா மாரிட் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள்.

ஹில்டி அம்மாவின் வயிற்றில் இருந்தபோது நடந்த கதை அது. அம்மா இருட்டுக் குடிசையில் மஞ்சளனை நீந்த விட்டுக்கொண்டிருந்தாள். பெரிய வாத்துமூக்கன் ஒன்று வந்து மஞ்சளனை லபக்கென்று கவ்வியது. அம்மா ஈட்டியை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்து வயிற்றுக்குள்ளிருந்து ஹில்டி ஓர் உதை விட்டாள். ஈட்டி ஒரு பக்கம் போனது, மீன் ஒரு பக்கம் போனது. மஞ்சளனின் இடுப்பில் பல் தடம் மட்டும் மிச்சம்.

அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பொய்மீன்களையும் விட ஹில்டிக்கு மஞ்சளனைத்தான் பிடிக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் பொய்மீன் கண்காட்சி. வருடா வருடம் நடப்பதுதான். தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் மேசைகள் போடுவார்கள். இந்த முறை புதிதாகப் பிள்ளைகளுக்கும் ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு மீன். அந்த மீனின் கதையைச் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த மீனின் முன்னால் உள்ள பாட்டிலில் ஒரு சோள மணியைப் போடுவார்கள். யார் பாட்டில் அதிகம் நிறைகிறதோ அவருக்குப் பரிசு.

பரிசு என்ன என்பதுதான் விஷயம். தீயணைப்பு நிலையத்துத் தலைவர் ஓர்வில், அந்த வட்டாரத்திலேயே அழகாகப் பொய்மீன் செதுக்குகிறவர். அவருடைய பெட்டியிலிருந்து ஜெயித்த பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் ஒரு தவளை இருந்தது. பொய்த்தவளை! நான்கு கால்களும் தனித்தனியாக அசையும். ஓர்வில் அதைச் செதுக்க ஆரம்பித்த நாளிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பட்டறை ஜன்னல் வழியாக அதைப் பார்க்காமல் ஹில்டி வீட்டுக்குப் போனதில்லை. அவளுக்கு அந்தத் தவளை வேண்டும். வேண்டுமென்றால் அப்படி வேண்டும்.

வியாழக்கிழமை பெரியம்மா மகன் கோல்பி வந்தான். கையில் ஒரு வெல்வெட் பெட்டி. உள்ளே புள்ளி போட்ட பச்சை மீன். கண்ணாடிக் கண். மேலே ஒரு தூசி கிடையாது.

"இதைத்தான் மேசையில வைக்கப்போறேன். தொடாதே, கைரேகை விழும்" என்றான். பிறகு மஞ்சளனைப் பார்த்தான். "ஏ ஹில்டி, நீ இதையா வைக்கப்போறே? நாய் கடிச்சுப் போட்ட செருப்பு மாதிரி இருக்கு!"

"உன் மீன் தண்ணியைப் பார்த்திருக்கா?" என்று ஹில்டி கேட்டாள்.

"எதுக்குப் பார்க்கணும்? பெயிண்ட் போயிடுமே."

"அப்ப அது மீனே இல்ல, பொம்மை."

"சரி சரி. நாளன்னிக்குப் பார்க்கலாம், பொம்மை ஜெயிக்குதா செருப்பு ஜெயிக்குதான்னு."

கோல்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஹில்டி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோல்பி எப்போதும் அப்படித்தான். ஆனால் கதவுக்குப் பின்னால் பொம்மை மானைக் கட்டிக்கொண்டு நின்ற ஆர்னி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஐந்து வயது. ஐந்து வயதுக்காரர்கள் எதையும் சும்மா விடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஹில்டி பள்ளியிலிருந்து வந்து பூட்ஸைக் கழற்றும்போதே ஒரு வாசனை அடித்தது. அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அடிக்கும் வாசனை. ஆனால் அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அப்பா சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் சாலையில் பனி தள்ளிவிட்டு வந்த களைப்பு.

ஆர்னி கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான். அவன் மூக்கு நுனியில் பச்சையாக ஏதோ மினுங்கியது.

"அக்கா, கண்ணை மூடு."

"எதுக்குடா?"

"மூடேன்! சர்ப்ரைஸ்."

ஹில்டி மூடினாள். திறந்தாள். உடனே மறுபடியும் மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது.

அவன் கையில் மஞ்சளன். உடம்பு முழுக்க ஜிகினா மின்னும் பச்சை நகப்பூச்சு. இடுப்பில் பல் தடம் இருந்த இடத்தில், சுவர் ஓட்டை அடைக்கும் பட்டி உருண்டை உருண்டையாக.

"நான் டாக்டர்" என்றான் ஆர்னி பெருமையாக. "மஞ்சளனுக்கு ஆபரேஷன் பண்ணிட்டேன். காயத்தையெல்லாம் அப்பாவோட பட்டி வெச்சு அடைச்சிட்டேன். வால் கோணலா இருந்துச்சுல்ல? அதையும் நேராக்கிட்டேன். இனிமே அதுக்கு வலிக்காது."

ஹில்டிக்கு முதலில் பேச்சு வரவில்லை. பிறகு வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

"என் கடி! என் கடியைப் போய் அடைச்சிட்டியே! யாருடா உன்னைத் தொடச் சொன்னா? நாளைக்குக் கண்காட்சிடா! இனிமே என் ரூமுக்குள்ள கால் வெச்சே, அவ்வளவுதான்! என் மூஞ்சியிலேயே முழிக்காதே!"

அப்பா திடுக்கிட்டு எழுந்து, "எந்த ரோட்டுல பனி?" என்று கேட்டார்.

ஆர்னி மீனைத் தரையில் மெதுவாக வைத்துவிட்டு ஓடிப்போனான்.

அம்மா வந்ததும் ஹில்டி மீனை நீட்டினாள். "அம்மா, தின்னர் போட்டுத் துடைச்சா போகுமா?"

அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பச்சை போகும். கூடவே பழைய மஞ்சளும் போயிடும். பட்டியைத் தோண்டினா பல் தடமும் பேர்ந்துடும். பழைய மீனைத் தேய்க்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். பழைய பொய்மீனைக் கழுவக்கூடாது, தேய்க்கக்கூடாது, புதிதாகப் பூசக்கூடாது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்பே இதைப் படித்துவிடுவார்கள்.

"ஊருக்கே தெரியும். இவனுக்கு மட்டும் தெரியலியா?" என்றாள் ஹில்டி.

"யாராவது சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

ஹில்டி யோசித்துப் பார்த்தாள். ஆர்னிக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மீன்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் அவளுடைய அறையில். அந்த அறைக்குள் அவள் அவனை விட்டதே இல்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. உருளைக்கிழங்கு உருண்டைகளை மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ். ஆர்னிக்கு உயிர். ஆனால் அவன் நாற்காலி காலியாக இருந்தது. மேசைக்கு அடியில் மட்டும் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அம்மாவும் அப்பாவும் ஹில்டியைப் பார்த்தார்கள். ஹில்டி பெருமூச்சு விட்டுவிட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

"இங்க என்னடா பண்றே?"

"உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு சொன்னியே" என்றான் ஆர்னி, பொம்மை மானுக்குள் முகத்தைப் புதைத்தபடி.

ஹில்டிக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "எதுக்குடா பூசினே?"

"கோல்பி சிரிச்சான். செருப்புன்னு சொன்னான். காயமெல்லாம் ஆறிடுச்சுன்னா சிரிக்கமாட்டான்ல? நீ ஜெயிப்பேல்ல? உனக்குத் தவளை கிடைக்கும்ல?"

ஹில்டி அவன் தாடையைப் பார்த்தாள். போன மாதம் சறுக்கி விழுந்து தையல் போட்ட தழும்பு அங்கே இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவனிடம் அதைத்தானே சொன்னார்கள்? காயத்தை மூடிவிட்டால் சரியாகிவிடும் என்று.

"அக்கா... மஞ்சளன் செத்துப்போச்சா?"

"அதைத் தண்ணியில விட்டாத்தான் சொல்ல முடியும்" என்றாள் ஹில்டி. "முதல்ல வந்து சாப்பிடு. டாக்டர் பட்டினி கிடந்தா நோயாளியை யார் பார்க்கிறது?"

சாப்பிட்டு முடித்ததும் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி மஞ்சளனை இறக்கினார்கள். முன்பெல்லாம் அது அழகாக வட்டமடித்து நீந்தும். கோணல் வாலின் வேலை அது. இப்போது வால் நேராகிவிட்டது. பட்டியின் கனம் வேறு ஒரு பக்கமாக இழுத்தது. மஞ்சளன் கொஞ்ச தூரம் நேராகப் போனான். பக்கவாட்டில் சரிந்தான். துடித்து நிமிர்ந்தான். மறுபடியும் சரிந்தான்.

"நொண்டுது" என்றான் ஆர்னி. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ஏரியில இடம் பெருசு. அங்க விட்டுப் பார்க்கலாம்" என்று ஹில்டி சட்டென்று சொன்னாள். "காலையில அம்மா குடிசைக்குப் போகும்போது நீயும் வா. நீதான் குச்சியைப் பிடிக்கணும்."

அம்மாவின் புருவம் உச்சிக்கு ஏறியது. "இவனா? குடிசையில வாயை மூடிட்டு உட்காருவானா?"

"உட்காருவேன்! சத்தமே போட மாட்டேன்!" என்று ஆர்னி வீடே அதிரும்படி கத்தினான்.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது ஹில்டி ஒரு காரியம் செய்தாள். பலகையிலிருந்து நீலக்கண்ணி என்ற இன்னொரு பொய்மீனை எடுத்து, கம்பளிக் காலுறையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நீலக்கண்ணிக்கும் வாலில் சின்னதாக ஒரு கடி உண்டு. கண்காட்சி மேசைக்கு அது போதும். ஜிகினாப் பச்சையில் நொண்டும் மீனை வைத்துக்கொண்டு தவளையை ஜெயிக்க முடியுமா? ஆர்னியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"அக்கா, மத்தியானம் மேசையில மஞ்சளனைத்தானே வைப்பே?" என்று வழியெல்லாம் அவன் கேட்டுக்கொண்டே வந்தான்.

"பார்ப்போம்" என்றாள் ஹில்டி. பைக்குள் இருந்த காலுறை முள் போல உறுத்தியது.

குடிசைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. வெளியே பனிக்கட்டி வழியாக இறங்கிய வெளிச்சத்தில், கீழே ஏரி மட்டும் பச்சை விளக்கு போட்டது போல் ஒளிர்ந்தது. அடியில் அம்மா தூவி வைத்த முட்டை ஓடுகள் வெள்ளை வெளேர் என்று தெரிந்தன. அவற்றின் மேல் எந்த மீன் வந்தாலும் நிழல் பளிச்சென்று விழும்.

"ஆர்னி, மூணே விஷயம்" என்று அம்மா கிசுகிசுத்தாள். "பேசாதே, காலைத் தட்டாதே, ஓட்டைப் பக்கம் குனியாதே. நான் எறியிறது ஈட்டி, ஞாபகம் இருக்கட்டும்."

ஆர்னி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மறு கையில் குச்சி. குச்சியின் நுனியில் நூல். நூலின் நுனியில் மஞ்சளன்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆர்னிக்கு விக்கல் வந்தது. வருமா வராதா? கிளம்புகிற அவசரத்தில் சூடான கோகோவை மடக் மடக்கென்று குடித்தவன் ஆயிற்றே!

ஹிக்!

கை தூக்கிப் போட்டது. கீழே மஞ்சளன் துள்ளி விழுந்தான்.

ஹிக்!

மஞ்சளன் சரிந்து, துடித்து, நொண்டினான்.

"அவன் கையிலேருந்து குச்சியை வாங்கு" என்று அம்மா சைகை காட்டினாள். ஹில்டி கையை நீட்டினாள். ஆர்னி பரிதாபமாகப் பார்த்தான். ஹில்டி நீட்டிய கையை அப்படியே அவன் முதுகில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். மீன் வராவிட்டால் போகிறது, இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஹிக்!

அப்போது முட்டை ஓடுகள் ஒரு பக்கமாக மறைந்தன.

நீளமான நிழல் ஒன்று சத்தமே இல்லாமல் உள்ளே வந்து நின்றது. தட்டை மூக்கு. அசையாத கண். ஹில்டி இதுவரை அவ்வளவு பெரிய வாத்துமூக்கனைப் பார்த்ததில்லை. அது மஞ்சளனையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா ஈட்டியை மெதுவாகத் தூக்கினாள்.

ஹில்டிக்குச் சட்டென்று புரிந்தது. வாத்துமூக்கன் ஓடி ஓடி இரை பிடிக்க விரும்பாத சோம்பேறி. உடம்பு சரியில்லாத மீன் என்றால் அதற்கு விருந்து. டாக்டர் ஆர்னியின் வைத்தியத்தில் மஞ்சளன் அசல் நோயாளியாகியிருந்தான்!

ஹிக்!

மஞ்சளன் சரிந்தான். வாத்துமூக்கன் பாய்ந்து, இடுப்பைச் சேர்த்துக் கவ்வியது.

"விடுடா! என் மஞ்சளனை விடுடா!" என்று ஆர்னி அலறினான். குச்சியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். தலை ஓட்டைக்கு மேலே போய்விட்டது. ஹில்டி பாய்ந்து அவன் தலைக்குல்லாவையும் கோட்டையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள்.

தண்ணீர் ஒரு வாளி அளவுக்கு மேலே தெறித்தது. வாத்துமூக்கன் வாயைத் திறந்து மஞ்சளனைத் துப்பிவிட்டு, வாலை ஒரு வீசு வீசி மறைந்தது.

அம்மா ஓங்கிய ஈட்டியோடு அப்படியே நின்றாள். முகமெல்லாம் தண்ணீர். ஹில்டி பயந்துபோனாள். அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தாள்.

அம்மாவின் தோள் குலுங்கியது. சிரிப்பு! ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு உன்னால ஒண்ணு போச்சு. இன்னிக்கு இவனால ஒண்ணு போச்சு! நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும் இந்த ஏரியில மீனுங்களுக்கு ஆயுசு கெட்டி!"

ஹில்டி நூலை இழுத்து மஞ்சளனைக் கையில் எடுத்தாள். கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாள். பட்டி பூசிய இடத்தில், பச்சை ஜிகினாவைக் கிழித்துக்கொண்டு, புத்தம் புதிய பல் தடம். பட்டி அங்கங்கே உதிர்ந்து, அதன் ஓரத்தில் பழைய தடமும் எட்டிப் பார்த்தது.

"அய்யோ, மறுபடியும் காயம்" என்றான் ஆர்னி. விக்கல் நின்றுபோயிருந்தது.

"இல்லடா. இது உன் கடி" என்றாள் ஹில்டி. அவன் விரலைப் பிடித்து ஒவ்வொரு தடமாகத் தொட்டுக் காட்டினாள். "இது என்னோடது. இது உன்னோடது."

கோட்டுப் பைக்குள் நீலக்கண்ணி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளை யாரும் எழுப்பவில்லை.

தீயணைப்பு நிலையத்தில் காபி வாசனையும் இலவங்கப்பட்டை ரொட்டி வாசனையும் தூக்கின. ஹில்டி மஞ்சளனை மேசையில் வைத்ததும் கோல்பியின் கண் விரிந்தது.

"அய்யய்யே! முந்தாநாள் செருப்பு, இன்னிக்கு ஜிகினாச் செருப்பா?"

ரோமத் தொப்பி வைத்த ஒரு அம்மாள் குனிந்து பார்த்தாள். பொய்மீன் சேர்ப்பதில் பெரிய ஆள். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பழைய மீனுக்குப் புதுப் பூச்சா? யாரும்மா இப்படிப் பாழ்பண்ணினது?"

ஆர்னி ஹில்டியின் பின்னால் ஒளிந்துகொண்டான். ஹில்டி அவனைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"என் தம்பிதாங்க டாக்டர். பூச்சு உங்களுக்குப் பிடிக்கலன்னா பரவாயில்ல. வாத்துமூக்கனுக்குப் பிடிச்சிருந்துச்சு. தடவிப் பாருங்க, இன்னும் ஈரம் காயல."

அம்மாள் தடவினாள். அவள் புருவம் மெதுவாக மேலே ஏறியது. "இன்னிக்கா?"

"இன்னிக்குக் காலையில! முதல் கடியோட கதையை நான் சொல்றேன். ரெண்டாவதை இவன் சொல்வான்."

அவ்வளவுதான். அதன் பிறகு ஆர்னியைப் பிடிக்க முடியவில்லை. விக்கல் விக்கிக் காட்டினான். மஞ்சளன் நொண்டியது போல் நொண்டிக் காட்டினான். "விடுடா!" என்று கத்தி, தரையில் மல்லாந்து விழுந்தும் காட்டினான். முதல் தடவை சொன்னபோது வாத்துமூக்கன் அவன் உயரம் இருந்தது. அடுத்த தடவை அப்பா உயரம் ஆனது. கடைசியில் வெளியே நின்ற தீயணைப்பு வண்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. கூட்டம் கூடக் கூட, பாட்டிலில் சோள மணிகள் டிக் டிக்கென்று விழுந்துகொண்டே இருந்தன.

ஆர்னிக்கும் ஒரு சோள மணி கொடுத்திருந்தார்கள். அவன் நேராகப் போய் அதைக் கோல்பியின் பாட்டிலில் போட்டான்.

"ஏய், எனக்கு ஏண்டா போட்டே?" என்றான் கோல்பி.

"உன் பாட்டில்ல கொஞ்சம்தானே இருக்கு. பாவம்."

கோல்பி தலையைச் சொறிந்தான். தன் வெல்வெட் பெட்டியைப் பார்த்தான். பிறகு ஹில்டியின் பக்கம் மெல்ல நகர்ந்து வந்தான்.

"ஹில்டி... அடுத்த வாரம் என் மீனையும் உங்க குடிசையில விட்டுப் பார்க்கலாமா? ஒரே ஒரு தடவை?"

"பெயிண்ட் போயிடுமே?"

"போனாப் போகட்டும்" என்றான் கோல்பி.

யார் பாட்டில் அதிகம் நிறைந்தது என்று எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை. ஓர்வில் சிரித்துக்கொண்டே தன் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தார்.

"எடுத்துக்கோம்மா. எது வேணுமோ எடு. நீ ஜன்னல்ல மூக்கை வெச்சு நசுக்கினதுல என் கண்ணாடியே தேஞ்சுபோச்சு."

ஹில்டியின் முகம் சிவந்துவிட்டது. இரண்டு கையாலும் தவளையை எடுத்தாள். அது அவள் உள்ளங்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கால்கள் நான்கும் லேசாக ஆடின. அவள் அதை மூக்கருகே கொண்டுபோய் ஒவ்வொரு காலாக ஆட்டிப் பார்த்தாள்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது ஆர்னி தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா அப்படி உட்கார்ந்திருக்கே?"

"தவளையைத் தொட்டுடக் கூடாதுன்னுதான்."

ஹில்டி அவன் கைகளை வெளியே எடுத்தாள். தவளையை அவற்றின் மேல் வைத்தாள்.

"வீட்டுக்குப் போனதும் தொட்டியில விட்டுப் பார்க்கலாம். நீதான் பிடிக்கணும். அப்புறம் என் ரூமுக்கு வா. எந்த மீனை என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாதுன்னு எல்லாத்தையும் சொல்லித்தரேன்."

ஆர்னி மூச்சுவிடாமல் தவளையைப் பார்த்தான். ஓர்வில் அதன் விரல்களைக்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தார். ஆர்னி அவற்றை மெதுவாக நீவிவிட்டான்.

"அக்கா, தவளைக்கு நகம் இருக்குமா?"

"ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்ற ஆர்னி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நெயில் பாலிஷ் இன்னும் பாதி பாட்டில் மிச்சம் இருக்கு."

ஹில்டி தவளையின் கால்களைப் பார்த்தாள். ஆர்னியின் பச்சை மூக்கைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு விரலுக்கு" என்றாள்.